‘பெண்’ என்கிற ஒரு கட்டம்

போன மாதம் ஒரு நண்பர் ஆய்வு முன்வரைவு ஒன்றை அனுப்பி, "படிச்சுப் பாத்துட்டு எங்க இடிக்குதுன்னு சொல்லு" என்றார். இதய அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுக்கிற மருத்துவர் அவர். வால்வு மாற்று அறுவைக்குப் பிறகு வருகிற சிக்கல்களை (சிறுநீரகப் பாதிப்பு, இதயச் செயலிழப்பு, வால்வில் ரத்தக்கட்டு) ஒரு வருஷம் வரை பின்தொடர்ந்து பதிவு செய்யப் போகிறார்கள். நோயாளிகள் வட மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும் அதில் உண்டு.

முப்பது பக்கம். கடைசிப் பக்கங்களில் ‘பால், பாலினம் குறித்த பரிசீலனை’ என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே மூன்றே வாக்கியம். இருபாலரும் சேர்க்கப்படுவார்கள், பாலினத்தைக் காரணம் காட்டி யாரும் விலக்கப்பட மாட்டார்கள், முடிவுகள் பால்வாரியாகச் சரிசெய்யப்படும். அவ்வளவுதான்.

"என்னப்பா இது?" என்று கேட்டேன்.

"ஃபார்ம்ல கேட்டிருந்தாங்க, எழுதிட்டேன்" என்றார்.

இந்தக் குறிப்பு அந்த மூன்று வாக்கியத்தைப் பற்றியது. நண்பரைத் தாக்குவது நோக்கமில்லை. உலகம் முழுக்க அந்தப் பகுதியைப் பெரும்பாலும் இப்படித்தான் நிரப்புகிறார்கள். ஆனால் இதய அறுவை ஆய்வில் இப்படி நிரப்பினால் என்ன தப்பிப் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க நினைத்தேன். கணக்கு நான் எதிர்பார்த்த இடத்துக்குப் போகவில்லை.

முதலில் சொல்

தமிழில் ‘பால்’ என்பது பழைய இலக்கணச் சொல். ஆண்பால், பெண்பால் என்று பள்ளியில் படித்ததுதான். உடம்பு சார்ந்த வேறுபாட்டைக் குறிக்க அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம்: ஹார்மோன், ரத்தக்குழாயின் பருமன், ரத்தத்தின் அளவு, கர்ப்பம். ‘பாலினம்’ என்பதைச் சமூகம் தருகிற இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்: வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போக வேண்டும், கையெழுத்து யார் போடுகிறார்கள். அரசுப் படிவங்களில் இரண்டும் ஒரே கட்டத்தில் முடிந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் ஒரு டிக்.

2016இல் ஐரோப்பிய அறிவியல் பதிப்பாசிரியர்கள் சங்கம் ‘சேகர்’ வழிகாட்டுதல் என்று ஒன்றை வெளியிட்டது. ஆய்வுக் கட்டுரைகளில் பாலையும் பாலினத்தையும் தனித்தனியாகக் கருதுங்கள், முடிவுகளைப் பிரித்துக் காட்டுங்கள் என்பது அதன் சாரம். நல்ல வழிகாட்டுதல்தான். ஆனால் எந்த வழிகாட்டுதலும் படிவத்துக்குள் போனதும் படிவத்தின் குணத்தைப் பிடித்துக்கொள்கிறது. "கேட்டார்கள், எழுதினேன்" என்பது அப்படி வந்ததுதான்.

‘பெண்’ என்றால் எத்தனை மதிப்பெண்?

இதய அறுவைக்கு முன்னால் ஆபத்தைக் கணக்கிட மருத்துவர்கள் பயன்படுத்துகிற கணிப்பான்களில் பேர்போனது யூரோஸ்கோர். 1999இல் வந்த முதல் பதிப்பில் பெண் என்றால் கூடுதலாக 1 புள்ளி. 2012இல் வந்த இரண்டாம் பதிப்பு, 43 நாடுகளின் 154 மருத்துவமனைகளில் இருந்து 22,381 நோயாளிகளின் தரவை வைத்துச் செய்தது. அதிலும் ‘பெண்’ இருக்கிறது. மற்றதெல்லாம் சமமாக இருந்தால், பெண் என்பதற்காக மட்டும் இறப்பு வாய்ப்பு விகிதம் சுமார் 1.25 மடங்கு ஆகிறது.

இது கற்பனை இல்லை. பைபாஸ் அறுவையில் பெண்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பது பல்லாண்டாகத் தெரிந்த விஷயம். 2023இல் ‘ஜாமா சர்ஜரி’ இதழில் மாரியோ கௌடினோ குழு வெளியிட்ட கட்டுரை, 2011 முதல் 2020 வரை அமெரிக்காவில் பைபாஸ் செய்துகொண்ட ஏறத்தாழ 13 லட்சம் பேரை ஆராய்ந்தது. அறுவையை ஒட்டிய இறப்பு ஆண்களில் 1.7 சதவீதம், பெண்களில் 2.8 சதவீதம். பத்து வருஷத்தில் அந்த இடைவெளி குறையவே இல்லை.

ஆக, கட்டம் உண்மையைத்தான் சொல்கிறது. என் சண்டை வேறு இடத்தில். ‘பெண்’ என்பது ஒரு காரணம் மாதிரி கணிப்பானில் உட்கார்ந்திருக்கிறது. காரணம் என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் யாரும் தோண்டுவதில்லை. பெண்ணாக இருப்பதை அறுவைக்கு முன்னால் மாற்றவா முடியும்? ‘சரிசெய்து’விட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

தோண்டிப் பார்ப்போம்.

38 கிலோவின் கணக்கு

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 35, எடை 38 கிலோ, உயரம் 148 செ.மீ. மலையில் இருக்கிற பெண்கள் எல்லாரும் 38 கிலோ என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பல வருஷ வால்வு நோயில் உடம்பு வற்றிப்போய் அறுவைக்கு வருகிறவர் 38 கிலோ இருப்பது அதிசயமும் இல்லை.

முதல் கணக்கு, சிறுநீரகம். யூரோஸ்கோரின் இரண்டாம் பதிப்பு ரத்தத்தில் உள்ள கிரியேட்டினினை நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் போட்டு, சிறுநீரகம் நிமிஷத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்று பார்க்கிறது. 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். பெண் என்றால் கடைசியில் 0.85ஆல் பெருக்க வேண்டும். 85க்கு மேல் வந்தால் இயல்பு. 50இலிருந்து 85 வரை மிதமான குறைபாடு.

கிரியேட்டினின் 0.8 என்று வைப்போம். எந்த லேபில் கொடுத்தாலும் ‘நார்மல்’ என்றுதான் வரும். 70 கிலோ எடையுள்ள 35 வயது ஆணுக்குப் போட்டால் 128 வருகிறது. நம்முடைய பெண்ணுக்கு 59. அதே ரத்த முடிவு. அவர் ஆரோக்கியம், இவருக்குச் சிறுநீரகக் குறைபாடு. உண்மையில் சிறிய உடம்புக்குச் சிறிய சிறுநீரகம், வடிகட்ட வேண்டிய கழிவும் குறைவு. உடம்பின் பரப்பளவுக்குத் தகுந்தபடி திருத்திப் பார்த்தால் இவருக்கும் 81 வந்துவிடும், இயல்பை ஒட்டி. கணிப்பான் அந்தத் திருத்தத்தைச் செய்வதில்லை. சின்ன உடம்பை அது நோய் என்று படிக்கிறது.

அந்த 0.85 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1976இல் காக்ராஃப்டும் கால்ட்டும் அந்தச் சூத்திரத்தைச் செய்தபோது கையில் இருந்தது 249 நோயாளிகளின் தரவு. அதில் 96 சதவீதம் ஆண்கள். பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் 15 சதவீதம் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு உத்தேசம். பெண்களை அளந்து கண்டுபிடித்த எண் இல்லை அது. 50 வருஷமாக எல்லா ஆஸ்பத்திரியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் கணக்கு, ரத்தம். இதயத்தை நிறுத்தி அறுவை செய்யும்போது ரத்தம் இதய–நுரையீரல் இயந்திரத்தின் வழியாக ஓடுகிறது. அரங்கில் ‘பம்ப்’ என்பார்கள். அதன் குழாய்களை முன்கூட்டியே திரவத்தால் நிரப்பி வைக்க வேண்டும். பெரியவர்களுக்கான அமைப்பில் ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும், 1,300 மி.லி. என்று வைப்போம். நோயாளியின் ரத்தம் அந்தத் திரவத்தோடு கலந்து நீர்த்துப்போகும்.

70 கிலோ ஆணுக்கு ரத்தம் சுமார் 4,900 மி.லி. ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, 42 சதவீதம். கலந்த பிறகு 33. தாங்குவார். நம் பெண்ணுக்கு ரத்தம் சுமார் 2,470 மி.லி. ஹீமோகுளோபின் 10 என்றால் ஹீமட்டோக்ரிட் 30 இருக்கும். கலந்த பிறகு 20க்கும் கீழே. பம்பில் ஓடும்போது 20ஐ ஒட்டி இறங்கினால் சிறுநீரகப் பாதிப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. வெளி ரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஏற்றினால் அதற்குரிய சிக்கல்கள் தனி.

இங்கே உண்மையான ஆபத்து இருக்கிறது. ஆனால் யூரோஸ்கோர் இரண்டாம் பதிப்பில் ஹீமோகுளோபினுக்குக் கட்டம் இல்லை. எடைக்கும் தனிக் கட்டம் இல்லை. இல்லாத நோய்க்கு மதிப்பெண் போட்ட கணிப்பான், இருக்கிற ஆபத்தைப் பார்க்காமல் விடுகிறது. அந்த ஆபத்தெல்லாம் மொத்தமாகப் போய் ஒளிந்துகொள்கிற இடம் ‘பெண்’ என்கிற கட்டம்.

இது வெறும் கணக்கு விளையாட்டா என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. 2024இல் அதே கௌடினோ குழு இன்னொரு கட்டுரை போட்டார்கள். பைபாஸில் பெண்களுக்குக் கூடுதலாக இருக்கும் இறப்பு ஆபத்தில் சுமார் 38 சதவீதத்தை, அறுவையின்போது ஹீமட்டோக்ரிட் எவ்வளவு கீழே இறங்கியது என்பதே விளக்கிவிடுகிறது என்று கண்டார்கள். ‘பெண்’ என்று எழுதியிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரத்தசோகையும் நீர்த்த ரத்தமும்தான். இவை மாற்ற முடிகிற விஷயங்கள்: அறுவைக்குச் சில வாரம் முன்பே இரும்புச்சத்து கொடுக்கலாம், சின்ன உடம்புக்குச் சின்னக் குழாய் அமைப்பு வைக்கலாம், குழாயில் இருக்கும் திரவத்தை நோயாளியின் சொந்த ரத்தத்தாலேயே வெளியே தள்ளி நீர்ப்பைக் குறைக்கலாம்.

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாடு முழுக்கப் பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 25 சதவீதம். மாதவிலக்கும் பிரசவமும் ஒரு பங்கு, அது பால். தட்டில் கடைசியாக விழுவது ஒரு பங்கு, அது பாலினம். இரண்டையும் சேர்த்து ஒரே டிக்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதே மலையிலிருந்து 45 கிலோ எடையில், ஹீமட்டோக்ரிட் 33உடன் ஒரு ஆண் வந்தால்? பம்பில் 23க்கு இறங்குவார். அவருக்கும் ஆபத்துதான். கணிப்பான் அவரை ‘ஆண்’ என்று பார்த்துவிட்டுப் புள்ளி எதுவும் போடாமல் அனுப்பிவிடும். கட்டத்தைப் பிரித்துப் பார்ப்பது பெண்களுக்கு மட்டும் செய்கிற சலுகை இல்லை.

எண்ணைத் திருத்தினால் போதுமா?

அப்படியானால் பெண்ணுக்குத் தனி அளவுகோல், ஆணுக்குத் தனி அளவுகோல் வைத்துவிட்டால் வேலை முடிந்ததா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள், மாரடைப்புச் சோதனையில்.

இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ட்ரோபோனின் கூடும். ஆரோக்கியமான பெண்களிடம் அது ஆண்களைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே நுண்ணுணர் ட்ரோபோனின்–ஐ சோதனை ஒன்றில் ஆணுக்கு லிட்டருக்கு 34 நானோகிராம், பெண்ணுக்கு 16 என்று எல்லையைப் பிரித்தார்கள். 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த எடின்பரோ ஆய்வில், இப்படிப் பிரித்ததும் பெண்களில் மாரடைப்பு என்று கண்டறியப்பட்டவர்கள் 11 சதவீதத்திலிருந்து 22 ஆனார்கள். ஆண்களில் 19, 21 ஆனது. அதுவரை பாதிப் பெண்கள் கண்ணில் படாமல் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆனால் ஸ்காட்லாந்தில் 48,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இதை நடைமுறைப்படுத்தி 2019இல் முடிவு வெளியிட்டபோது, புதிதாகக் கண்டறியப்பட்ட பெண்களின் ஓராண்டு நிலை மேம்படவில்லை. காரணம் விளங்கிக்கொள்ள முடிகிறது: இதயத் தசை பாதிப்பு இருப்பது தெரிந்த பிறகும் அடைப்பு நீக்கும் சிகிச்சையும் மருந்தும் ஆண்களுக்குக் கிடைத்ததில் ஏறத்தாழ பாதியளவே பெண்களுக்குக் கிடைத்தது. எண் சரியாகிவிட்டது, அதைப் பார்த்துச் செயல்படுகிறவர்கள் பழையபடியே இருந்தார்கள்.

ஆகவே பாலை அளந்தால் மட்டும் போதாது. பாலினத்தையும் அளக்க வேண்டும். அதற்குத்தான் மலைக்கு வருகிறேன்.

மலையில் ஒரு வால்வு

இதுவரை சொன்ன பெரிய ஆய்வுகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. பெரும்பாலும் இதயக் குழாய் அடைப்பு. அங்கே அறுவை மேசையில் பெண்கள் சிறுபான்மை. வால்வு நோய்க்கு வந்தால் படம் தலைகீழ். சிறுவயதில் தொண்டைத் தொற்று, அதிலிருந்து மூட்டுவலிக் காய்ச்சல், அதிலிருந்து வால்வு சேதம் என்று போகிற ருமாட்டிக் இதய நோய் ஏழை நாடுகளின் நோய். ஆப்பிரிக்காவின் 12 நாடுகளோடு இந்தியாவும் ஏமனும் சேர்ந்த ரெமெடி பதிவேட்டில் (2015) 3,343 நோயாளிகள். மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். நடு வயது 28.

28 வயது என்றால் என்ன அர்த்தம்? கல்யாணம், பிள்ளை, கைக்குழந்தை எல்லாம் இருக்கிற வயது. இங்கே ‘பால்வாரியாகச் சரிசெய்யப்படும்’ என்ற வாக்கியத்துக்கு என்ன வேலை? நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும்போது பெண்ணைச் சரிசெய்து நீக்கிவிட்டால், மிச்சம் என்ன இருக்கும்?

சில வருஷத்துக்கு முன்னால் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு ஒன்றுக்காக ஜவ்வாது மலையில் சில வாரம் தங்கியிருந்தேன். ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய ஊர். சாமையும் புளியும் பலாவும் விளைகிற இடம். அங்கே இருப்பவர்கள் மலையாளி பழங்குடியினர் (கேரளத்துக்குச் சம்பந்தமில்லை; மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்). கணக்கெடுப்பில் ஒரு அக்காவைப் பார்த்தேன். முப்பதைத் தாண்டியிருக்கும். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாகத் தழும்பு.

"வால்வு மாத்தியிருக்கு தம்பி. ராத்திரி படுத்தா கடிகாரம் மாதிரி சத்தம் கேக்கும்" என்றார். உலோக வால்வு.

அறுவைக்குக் காசு செலவாகவில்லை. 2009இல் தொடங்கி பெயர் மாறி மாறி நடக்கிற அரசுக் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொண்டது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவைகளில் ஒன்று 1961இல் வேலூர் சிஎம்சியில் நடந்தது. அந்த ஊர் இந்த மலைக்கு வடக்கே அடிவாரத்துக்குப் பக்கம்தான். அறுவை மலைக்காரர்களுக்கு எட்டாத ஒன்றாக இப்போது இல்லை. சிக்கல் அறுவைக்குப் பிறகு.

உலோக வால்வு போட்டவர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அளவு கூடினால் ரத்தப்போக்கு, குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டு. அதற்காக ஐஎன்ஆர் பரிசோதனை, மாதம் ஒரு தடவையாவது. பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரை ஒன்றை உலோக வால்வுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், டாபிகாட்ரான். கட்டும் கூடியது, ரத்தப்போக்கும் கூடியது; சோதனையை நடுவிலேயே நிறுத்தி 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ஆகவே பழைய மாத்திரை, பழைய பஸ்.

"ரெண்டு மாசமா போகல தம்பி" என்றார் அக்கா. "போனா ஒரு நாள் போயிடும், கூலியும் போயிடும். கூட ஆள் வரணும். வீட்டுக்காரர் வேலைக்கு வெளியூர் போயிருக்கார். மாமியாருக்கு உடம்பு முடியல. ஆட்ட யார் பாத்துப்பா?"

"வால்வு வைக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் சொன்னாங்களா அக்கா? எந்த வால்வு வேணும்னு கேட்டாங்களா?"

"வீட்டுக்காரர்கிட்ட கேட்டாங்க. மாமனாரும் சரின்னாரு."

"பிள்ளை வேணுமான்னு?"

"அத யாரும் கேக்கல."

நான் கீழே இறங்கிய பிறகு, அவருக்கு மூச்சுத் திணறல் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டேன். வால்வில் ரத்தக்கட்டு. கட்டைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். அடுத்த முறை போனபோது குறிப்பு நோட்டைக் காட்டினார். சிக்கலுக்குக் காரணம் என்ற இடத்தில், ‘மருந்து ஒழுங்காக எடுக்கவில்லை’ என்று இருந்தது.

இதை எழுதிய மருத்துவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் இருந்த கட்டம் அதுதான். ஆனால் ஒரு ஆய்வாளர் அந்த நோட்டிலிருந்து தரவை எடுத்தால் அக்கா எப்படிப் பதிவாவார்? பால்: பெண். காரணம்: ஒழுங்கின்மை. ஆடு, மாமியார், கூலி, கூட வர ஆள் இல்லாதது, எதற்கும் கட்டம் இல்லை. அவர் பரிசோதனைக்கு வராத மாதங்களை ‘தொடர்பு விட்டுப்போனது’ என்று போட்டுக் கணக்கிலிருந்தே கழித்துவிடுவார்கள். எந்தக் காரணத்தால் சிக்கல் வந்ததோ, அதே காரணத்தால் ஆய்விலிருந்தும் அவர் விழுந்துவிடுகிறார்.

அந்தக் கேட்கப்படாத கேள்வியும் சின்ன விஷயமில்லை. 2015இல் வெளியான ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் ரோபாக் பதிவேட்டில், உலோக வால்வோடு கர்ப்பமான 212 பெண்களில் பெரிய சிக்கல் இல்லாமல் உயிரோடு குழந்தை பெற்றவர்கள் 58 சதவீதம். திசு வால்வு வைத்திருந்தவர்களில் 79 சதவீதம். திசு வால்வு சில வருஷத்தில் தேய்ந்து இன்னொரு அறுவை வேண்டிவரும் என்பதும் உண்மை. எது சரி என்பது அந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் பொறுத்தது. ஆகவே அவரிடம் கேட்க வேண்டும். ரெமெடியில் பிள்ளைப்பேறு வயதில் இருந்த 1,825 பெண்களில் கருத்தடை முறை ஏதாவது பயன்படுத்தியவர்கள் 3.6 சதவீதம்.

இதெல்லாம் நம்மூரில் அளக்க முடியாத விஷயம் என்றும் சொல்ல முடியாது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் இதய நோயோடு வந்த கர்ப்பிணிகளை 2016 முதல் 2019 வரை பதிவு செய்தார்கள். 1,029 கர்ப்பங்கள், ஒரு அரசு ஆஸ்பத்திரியில். 15.2 சதவீதத்தில் தாய்க்கு இதயச் சிக்கல் வந்தது. 2023இல் ஐரோப்பிய இதய இதழில் வெளியானது. கேள்வியை நோயாளியின் வாழ்க்கையிலிருந்து எடுத்தால் பதிவேடும் அதற்கு ஏற்றபடி அமையும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

நண்பருக்கு எழுதியது

மறுப்புகள் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே மருத்துவமனை, சில நூறு நோயாளிகள்; பிரித்துப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு குழுவிலும் இருபது பேர்தான் மிஞ்சுவார்கள், தற்செயலைக் கண்டுபிடிப்பு என்று நம்பிவிடுவோம். சரிதான். அதனால்தான் பிரித்துப் பார் என்று நான் எழுதவில்லை. அளந்து வை என்று எழுதினேன். ஐந்து விஷயம் கேட்டேன்:

ஒன்று, எடை, உயரம், அறுவைக்கு முந்தைய ஹீமோகுளோபின். இரண்டு, பம்பில் நிரப்பிய திரவத்தின் அளவு, ஹீமட்டோக்ரிட் இறங்கிய அடிமட்டம். மூன்று, பரிசோதனைக்கு வராதவர் ஏன் வரவில்லை என்று போனில் கேட்டு எழுதுவது. ‘ஒழுங்கின்மை’ என்ற சொல்லைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுவது. நான்கு, வீட்டிலிருந்து ஐஎன்ஆர் பார்க்கும் இடத்துக்கு எத்தனை மணி நேரம், கூட ஆள் வர வேண்டுமா. ஐந்து, எந்த வால்வு என்று யாரிடம் கேட்டு முடிவானது, பிள்ளை வேண்டுமா என்று நோயாளியிடமே கேட்டார்களா.

இதில் நான்காவதை எல்லாரும் நோயாளியின் பிரச்சினை என்று நினைக்கிறோம். தரவு கையில் இருந்தால் அது துறையின் பிரச்சினை ஆகும். விரல்நுனி ரத்தத்தில் ஐஎன்ஆர் பார்க்கிற கையடக்கக் கருவி இருக்கிறது. பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் இருக்கிறது. மலை ஊர்களில் உலோக வால்வோடு எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் பஸ்ஸால் தவறுகிறார்கள் என்று ஒரு ஆய்வு சொல்லிவிட்டால் இரண்டையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ‘மருந்து ஒழுங்காக எடுக்கவில்லை’ என்ற வரியை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

நண்பர் இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். "எல்லாத்தையும் போட்டா ஃபார்ம் பத்து பக்கம் ஆயிடும்டா. முதல் மூணும் சேத்துட்டேன். பம்ப் விவரம் எங்ககிட்டயே இருக்கு, இத்தன நாள் எடுத்து எழுதல, அவ்வளவுதான். நாலாவது, தூரம் மட்டும் போடறேன்."

"அஞ்சாவது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது எங்க டிபார்ட்மெண்டயே கேள்வி கேக்கற மாதிரி இருக்கு. மேல ஒத்துக்க மாட்டாங்க."

ஐந்தில் மூன்றரை. மோசமில்லை. பழைய மூன்று வாக்கியம் போய் இப்போது அந்தத் தலைப்பின் கீழ் ஒரு பக்கம் இருக்கிறது. ஆனால் விட்டுப்போன ஐந்தாவதைத்தான் அந்த அக்கா தானாகவே சொன்னார், யாரும் கேட்கவில்லை என்று. அடுத்த வரைவு வரும்போது மறுபடி கேட்பதாக இருக்கிறேன். மலை ஊர்களில் வால்வு நோயாளிகளோடு வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் படிவத்தில் இந்தக் கேள்வி இருக்கிறதா, அதை எப்படிக் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். இருக்கிறது என்று ஒரு இடத்தைக் காட்டினால் அவர்களிடம் வாதாட எனக்கு வசதியாக இருக்கும்.